நிப்றாஸ் சொன்னால் சரி

தேநீர்க் கடையில் இருந்தபடி நிப்றாஸ் போனைப் பார்த்தார். தொண்ணூற்றேழு. தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். தொண்ணூற்றைந்து.

போன கிழமை நூற்றிநாற்பதில் நின்ற பங்கு! கொழும்பில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பனியாம். நாலே மாதத்தில் இருபது ரூபாயிலிருந்து ஏறு ஏறென்று ஏறியது. ஊரே ஓடுகிறதென்று இவரும் ஓடிப்போய் தொண்ணூற்றைந்துக்கு வாங்கினார். அந்தக் கம்பனி இன்றுவரை ஒரு சதம் லாபம் காணவில்லை என்பதை நேற்றுத்தான் படித்தார். இதை முதலே படித்திருக்கக் கூடாதா மனிசன்?

போட்டதோ மகள் இன்ஷிராவுக்குச் சீதனமாகக் கட்டும் வீட்டின் கூரைக் காசு. மனைவி சுஹைராவுக்கு ஒன்றும் தெரியாது.

எல்லாவற்றையும் வாங்கின அதே தொண்ணூற்றைந்துக்கு விற்கப் போட்டார். வாங்க ஒரு ஆள் இல்லை.

"என்ன நிப்றாஸ், முகம் செத்துக் கிடக்கு?" பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார், துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த சிவகுருநாதன்.

நிப்றாஸின் வாயில் அது எப்படி வந்ததோ!

"சிரிப்பை அடக்கிக்கொண்டு இருக்கிறன் ஐயா. இந்தக் கம்ப்யூட்டர் ஷெயார் பெருநாளைக்கு முன்னம் இருநூறு போகும்."

"மெய்யாவோ?"

"நான் எப்பயாவது பொய் சொல்லியிருக்கிறனா?"

சொன்னதில்லைதான். மூதூர் படகுகள் வந்து நிற்கும் ஜெட்டியடியில் இருபது வருசமாக இன்ஜின் மெக்கானிக். செய்யாத வேலைக்கு ஒரு ரூபாய் வாங்கியதில்லை. 'நிப்றாஸ் சொன்னால் சரி' என்றால் அங்கே அதற்கு மேல் கதையில்லை.

படகோட்டி மதுசன் எட்டிப் பார்த்தான். "நிப்றாஸ் நானா, இப்ப வாங்கலாமோ?"

"இப்ப விட்டால் பிறகு ஏலாது."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். யா அல்லாஹ், ஆர் தலையில் கட்டப்போறன்? ஆனாலும் அடுத்த நாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாளும் சொன்னார். கூரையில்லாத அந்த வீடு கண்ணுக்குள்ளேயே நின்றால் மனிசன் வேறென்ன செய்வார்?

நாலாம் நாள் பகல் போன் அதிர்ந்தது. அத்தனையும் விற்றாகிவிட்டது. போட்ட காசு போட்டபடி!

"அல்ஹம்துலில்லாஹ்!"

சொன்ன கையோடு அடுத்த பயம் பிடித்தது. வாங்கினது ஆர்? சிவகுருநாதன் பென்சன் காசைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டாரோ? நாளைக்கு அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிற வழியில், மீன் சந்தையடியில் அவரே எதிர்ப்பட்டார். நிப்றாஸ் மெல்லக் கிட்டப் போனார்.

"ஐயா... அந்த ஷெயார் வாங்கினீங்களோ?"

"எனக்கேன் தம்பி இந்த வயசில? மதுசனிட்டயும் காசில்லையாம். ஆனா கண்ட ஆக்களுக்கெல்லாம் சொன்னனான். உங்கட பேரைச் சொன்னாப் போதும், ஒருத்தரும் மறு கதை கதைக்கேல்லை."

அப்பாடா! ஆரோ முகம் தெரியாத ஆள்தான். அது அவரவர் தலைவிதி. மனதைத் தேற்றிக்கொண்டு நிப்றாஸ் வீட்டுக்குள் நுழைந்தார்.

அலுமாரி திறந்து கிடந்தது. இன்ஷிராவின் நகைப்பெட்டி வெறுமையாக இருந்தது.

"நகை எங்க சுஹைரா?"

"வித்துட்டன்." குசினிக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "தம்பி முனீப்ட போன்ல அந்தக் கம்ப்யூட்டர் ஷெயார் வாங்கிட்டன். இண்டைக்குப் பகல்தான், தொண்ணூத்தஞ்சுக்கு. பெருநாளைக்கு முன்னம் இருநூறாமே! நகையையும் திரும்ப வாங்கி, வீட்டுத் தரைக்கு மாபிளும் பதிக்கலாம்."

நிப்றாஸ் போனைத் திறந்தார். எண்பத்தெட்டு. பார்த்துக்கொண்டிருக்கவே எண்பத்தாறு.

"உனக்கு... உனக்கு ஆர் சொன்னது?"

"ஊரே சொல்லுது, நீங்க சொன்னீங்களெண்டு." செல்லமாக முறைத்தாள். "வேற ஆர் சொல்லியிருந்தாலும், மெய்யோ பொய்யோண்டு முதல்ல உங்களட்டத்தான் கேட்டிருப்பன்."