ஒரே ஒரு கதவு

"கார்டெல்லாம் வேணாம் சார். ஒருத்தி கார்டை இன்னொருத்தி வாங்கிட்டுப் போய்டுவா!"

தயாரிப்பு மேலாளர் சூரியபிரகாஷ், மேசைமேல் இருந்த முதல் கருவியை ஒதுக்கித் தள்ளினார்.

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியின் மீட்டிங் அறை. கதவுக் கருவிகள் விற்கும் ஜீவா மூன்று மாடல்களை வரிசையாக வைத்திருந்தான். நடுநாற்காலியில் முதலாளி மக்பூல் அகமது. தொழிலாளர் சார்பில் தையல் பிரிவிலிருந்து சௌந்தர்யாவும் அமிர்தவள்ளியும் வந்திருந்தார்கள்.

"முதல்ல ஒரே ஒரு கதவுக்குத்தான் போடறோம். சரிப்பட்டா மத்ததுக்கும் பாக்கலாம்" என்றார் முதலாளி.

எந்தக் கதவு என்று யாரும் கேட்கவில்லை. ஜெர்மனிக்குப் போகும் புது மாடல்களெல்லாம் டிசைன் அறையில்தானே இருக்கின்றன!

"அக்கா, இதுல விரல் வைங்க" என்று இரண்டாவது கருவியை நீட்டினான் ஜீவா.

அமிர்தவள்ளி வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

"பதினாறு வருஷம் பசையில ஊறின விரலுப்பா. ரேகை எங்க இருக்கும்? ரேஷன் கடையிலயும் இதே பேஜார்தான்."

மூன்றாவது கருவி முகம் பார்ப்பது. "முகத்தைக் காட்டினா போதும் சார். பதியாத ஆளுக்குத் திறக்காது."

"இதான் வேணும்!" சூரியபிரகாஷ் நிமிர்ந்தார். "எவ எப்ப போறா, எத்தனை நிமிஷம் இருக்கா, எல்லாம் பதிவாகணும். பதியாத ஆளு கதவைத் தள்ளினா ஊரே கேக்கற மாதிரி கத்தணும்."

"கத்தும் சார்."

"தள்ளினது யாருன்னு போட்டோ எடுக்குமா?" என்று கேட்டாள் சௌந்தர்யா. "நேரத்தோட?"

"எடுக்கும்க்கா."

"அதை அழிச்சிட முடியுமா?"

"முதலாளி பாஸ்வேர்டு இல்லாம முடியாது."

அமிர்தவள்ளி மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். சௌந்தர்யா நிறுத்தவில்லை.

"எல்லாத்தையும் திறக்கற மாஸ்டர் சாவின்னு ஒண்ணு வெச்சிருப்பீங்களே, அது யார்கிட்டயும் இருக்கக் கூடாது சார். எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் லிஸ்ட்ல பேர் இருந்தாத்தான் திறக்கணும்."

சூரியபிரகாஷ் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா சார், லேபரே நம்ம பக்கம் வந்துட்டாங்க! மாஸ்டர் சாவி வேணாம். எழுதிக்கப்பா."

"இன்னொண்ணு. உள்ள இருக்கறவங்க கைப்பிடியைத் திருப்பினா எப்பவும் திறக்கணும். கரண்ட் இல்லாட்டியும்."

"திறக்கும்க்கா."

முதலாளி ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். "லிஸ்ட்டை நானே தர்றேன்" என்றார்.

வெளியே வந்ததும் அமிர்தவள்ளி வெடித்தாள். "இன்னாடி பண்ணிட்டு வந்திருக்க? அந்தாளு நம்மள வேவு பாக்கப் பூட்டு கேக்கறான். நீ அது எப்படி இருக்கணும்னு பாடம் எடுத்துட்டு வர்ற!"

"திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்கா."

"நீ விலை போய்ட்ட. அவ்ளோதான்."

அதன்பிறகு அமிர்தவள்ளி அவளோடு பேசவில்லை. கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள். சனிக்கிழமை தையல் பிரிவுப் பெண்களை வரிசையாக நிற்கவைத்து முகத்தைப் பதிவு செய்தபோது, "நாளைக்குத் தண்ணி குடிக்கவும் மூஞ்சி காட்டணும் போல" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். சௌந்தர்யா தலைகுனிந்து நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து கருவியைப் பொருத்திவிட்டுப் போனார்கள்.

திங்கள் காலை. வேலை தொடங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அமிர்தவள்ளியின் பக்கத்து மெஷினில் தைக்கும் ஜாஸ்மின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போன ஐந்தாவது நிமிடம், கட்டடம் அதிரச் சைரன் அலறியது.

எல்லோரும் டிசைன் அறைக்கு ஓடினார்கள். அங்கே பழைய பூட்டு அப்படியே தொங்கியது. சத்தம் மறுகோடியிலிருந்து வந்தது. திரும்பி ஓடிய அமிர்தவள்ளி சட்டென்று நின்றாள்.

சிவப்பு வெளிச்சத்தில் வியர்த்துப்போய் நின்றிருந்தார் சூரியபிரகாஷ். திரையில் அவர் முகம். கீழே நேரம்: 9.24. படியேறி வந்த முதலாளி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அமிர்தவள்ளியின் தோளருகே சௌந்தர்யாவின் குரல் கேட்டது. "எந்தக் கதவுக்குப் போடலாம்னு முதலாளி முன்னாடியே எங்கிட்டதான்க்கா கேட்டாரு."

'வலின்னு படுத்த பொண்ணுங்கள உள்ள புகுந்து விரட்டறார்' என்று முதலாளியிடம் மூன்று முறை புகார் போனபோதும், 'அந்தப் பக்கமே நான் போனதில்ல' என்று சத்தியம் செய்தவரின் முகம் பெண்கள் ஓய்வறைக் கதவில் அழிக்க முடியாதபடி பதிந்திருந்தது. உள்ளே ஜாஸ்மின், இனி எழுந்து ஓட வேண்டியதில்லை என்று, திரும்பிப் படுத்துக்கொண்டாள்.