மூன்று வரித் தையல்

"மேலே வரலீங்கப்பா. ஆறு தடவை சிக்னல் குடுத்தாச்சு, ஒண்ணுகூட வரலீங்க."

கப்பலிலிருந்து தரணி போனில் அழுதுகொண்டே பேசினாள். கடலடியில் நிலநடுக்கத்தைப் பதியும் அவளுடைய நாலு கருவிகளும் ஒரு வருஷமாக அங்கே கிடந்தன. சிக்னல் போனால் தாமாக மிதந்து வர வேண்டும்.

"நாளைக்குக் கப்பல் திரும்பீருமுங்க. அதுக்குள்ள வரலீன்னா என்ர படிப்பே போச்சுங்கப்பா. அந்தப் பெல்ட்டு, சாம்பிள் மாதிரியேதானுங்களே தெச்சீங்க?"

கருவிக்கான பெல்ட், அவிநாசியில் அவள் அப்பா மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனியில் தைத்தது.

"பெல்ட் பிஞ்சிருக்காது கண்ணு. சாமி சத்தியமாச் சொல்றேன். சாம்பிள்ல சன்ன நூல்ல ஒத்தத் தையல்தான் இருந்துச்சு. எவனோ அரைகுறையாத் தெச்சிருக்கான்னு, நானே மிஷின்ல உக்காந்து கெட்டி நூல்ல மூணு வரி ஓட்டுனேன். யானை இழுத்தாலும் பிரியாது."

முப்பது வருஷ எக்ஸ்போர்ட்டில், ஆர்டர் தரும் வெளிநாட்டு பையரின் சாம்பிளை அவர் நூலளவும் மீறியதில்லை. மகளுக்காகத்தான் மீறினார்.

மறுமுனையில் அழுகை சட்டென்று நின்றது.

"அப்பா... அந்தப் பெல்ட்டுலதான் அடியில இரும்புப் பாரம் கட்டியிருக்குதுங்க. சிக்னல் போனதும் கொக்கி கழண்டு, பாரம் இழுத்து அந்தத் தையல் பிரியோணும். பிரிஞ்சாத்தானுங்க மேலே வரும்."

போன் கட்டானது.

மேசையில் மிச்சமிருந்த பெல்ட் துண்டை எடுத்து, காலில் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் வெறிபிடித்த மாதிரி இழுத்தார். கடைசியில் பல்லால் கடித்தும் பார்த்தார்.

தையல் அசையவில்லை.