சின்னராசுவின் ராட்டினம்

"ஊறல் பானை எங்கடா?"

கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்த சப்-இன்ஸ்பெக்டர் பஞ்சாட்சரம், நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். பின்னால் வந்த ஏட்டு சுப்பிரமணி குனிந்து தப்பித்தார். சாராயம் என்றால் மட்டும் புதூர்நாட்டு மலையை ஏறிவிடுகிற போலீஸ் ஜீப், வாசலில் புகை விட்டுக்கொண்டு நின்றது.

"நம்ம வூட்ல அதெல்லாம் இல்லீங்க சார்" என்றான் சின்னராசு.

"இல்லியா? மொட்டைக் கடுதாசி வந்துகீது. டிரம்மு, டியூப்பு, பானை எல்லாம் எங்கெங்க கீதுன்னு புட்டுப் புட்டு வச்சிருக்கான். எழுத்து வேற முத்து முத்தா!"

சின்னராசுவின் மனைவி மாதம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "எந்தப் பாவி எழுதினானோ! எழுதின கை புழுத்துப் போவ!"

"சாபம் வுடாத மாதம்மா" என்றான் அவன்.

அவள் விரல்விட்டு நாட்களை எண்ணினாள். வேலூர் விவசாயக் கண்காட்சிக்கு மனு போய்ச் சேர இன்னும் மூன்றே நாள். புருஷன் செய்த ராட்டினம் வேலை செய்வதை அரசாங்க அதிகாரி ஒருவர் நேரில் பார்த்து எழுதித் தந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். ஆறு மாதமாக அவன் எழுதிப் போடாத ஆபீஸ் இல்லை. மலைக்கு வர வண்டி இல்லை என்று எல்லோரும் ஒரே பதிலைப் போட்டார்கள். இந்த நேரம் பார்த்து ஆளையே பிடித்துக்கொண்டு போனால்?

"சார், மாட்டிக்கிச்சு!" உள்ளறையிலிருந்து ஏட்டு கூவினார்.

கடிதத்தில் சொன்னபடி எல்லாமே இருந்தன. கீழே தகர டிரம். பரணில் பானை. பானையிலிருந்து இறங்கிய குளுக்கோஸ் டியூபில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மூலையில் மூடி வைத்த சட்டியிலிருந்து வந்த நாற்றம் ஆளைத் தூக்கியது. ஏட்டு அதில் விரலை விட்டு, கடமை தவறாமல் நாக்கில் வைத்தார்.

"தூ! புண்ணாக்கு சார்!"

"கடலைப் புண்ணாக்குங்க. ஊற வச்சு வடிகட்டினா, செடிங்களுக்கு அதான் சோறு" என்றான் சின்னராசு.

"எந்தச் செடிங்களுக்கு?"

அவன் கை காட்டினான். கூரையில் பதித்த இரண்டு கண்ணாடி ஓடுகளுக்குக் கீழே, பிளந்த மூங்கில்கள் சரிவாகக் கட்டப்பட்டிருந்தன. மூங்கில் நிறையக் கூழாங்கல். கூழாங்கல்லில் தக்காளி, கொத்தமல்லி, அரைக்கீரை. தக்காளி சிவப்புச் சிவப்பாகத் தொங்கியது.

"மண்ணு எங்கய்யா?"

"மண்ணே கெடையாதுங்க. ரேடியோவுல சொன்னாங்க, கேட்டுச் செஞ்சேன். வெளிய வச்சா காட்டுப்பன்னி வுடாது, அதான் வூட்டுக்குள்ள. பானைத் தண்ணி கல்லு வழியா ஓடி டிரம்முல வுழும். அத்த இந்த ராட்டினம் மறுபடி மேல ஏத்திடும்."

விட்டத்தில் ஒரு பழைய சைக்கிள் சக்கரம் தொங்கியது. அதன்மேல் ஓடிய கயிற்றில் வரிசையாகப் பால் டப்பாக்கள். சின்னராசு சக்கரத்தில் மாட்டியிருந்த பெடலைக் கையால் சுற்றினான். டப்பாக்கள் டிரம்மில் முங்கி, மேலேறி, பானையில் கவிழ்ந்தன.

"தள்ளு, நான் சுத்தறேன்." சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி ஏட்டிடம் கொடுத்தார். பத்துச் சுற்று சுற்றியும் விட மனசு வரவில்லை. "யோவ் சுப்பிரமணி, இங்க பாருய்யா! ஏம்ப்பா, இதுக்கு எவ்ளோ தண்ணி?"

"ரெண்டு கொடம் ஊத்தினா பத்து நாளு வருதுங்க. கோடையில நாங்க ஊத்துக்கு ரெண்டு மைலு நடக்கணும் சார். வூட்டுக்கு வூடு இது இருந்தா, கீரைக்கின்னு தனியா தண்ணி தூக்க வேணாம்."

பஞ்சாட்சரம் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டார். "இப்ப இன்னாய்யா எழுதறது?"

"சோதனை போட்டா, கண்டத அப்படியே மகஜரா எழுதியே ஆவணும் சார். வூட்டுக்காரனுக்கு ஒரு நகலும் குடுக்கணும்" என்றார் ஏட்டு.

"எழுது. சாராயமோ ஊறலோ இல்லை. மண் இல்லாமல் செடி வளர்க்கும் ராட்டினம் ஒன்று உள்ளது. ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. நானே சுற்றிப் பார்த்தேன். நன்றாக வேலை செய்கிறது."

கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

"நீயும் ஒரு கையெழுத்துப் போடுப்பா."

சின்னராசு இடது கைக் கட்டைவிரலை நீட்டினான். "கைநாட்டுங்க சார்."

மாதம்மாள் வாயைத் திறந்தாள். அவன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். ஏட்டு விரலில் மை தடவி, காகிதத்தில் உருட்டி எடுத்தார்.

பையில் நான்கு தக்காளியோடு ஜீப் இறங்கிப் போனது. சத்தம் வளைவு தாண்டி மறையும் வரை மாதம்மாள் பொறுத்திருந்தாள்.

"எட்டாங் கிளாஸ் வரிக்கும் படிச்சுட்டு கைநாட்டு வச்சியே, இன்னாய்யா உனுக்கு வந்துது?"

சின்னராசு நகலை ஊதிக் காய வைத்து, கண்காட்சி மனுவோடு சேர்த்துப் பத்திரமாக மடித்தான்.

"கையெழுத்துப் போட்டிருந்தா, அந்த மொட்டைக் கடுதாசி எழுத்தும் இதுவும் ஒண்ணுன்னு கண்டுபுடிச்சிருப்பாங்களே! இனிமேலாவது எழுதின கைக்குச் சாபம் வுடாத மாதம்மா."