எடை எழுதும் படிவம்

தீவுக்குப் போக மூன்று விமானங்கள் மாறவேண்டும். கடைசி விமானம் மிகச் சின்னது என்பதால், ஒவ்வொருவர் எடையையும் முன்கூட்டியே எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள் விடுதிக்காரர்கள். குழந்தை போனதிலிருந்து அந்தப் பத்தொன்பதாம் மாடி வீட்டின் வாசலைத் தாண்டாதவள், ஒரு வருஷம் கழித்து, கணவனுக்காகத்தான் இந்தப் பயணத்துக்குத் தலையாட்டியிருந்தாள்.

எடைக் கருவியில் அவன் எழுபத்திரண்டு கிலோ, அவள் ஐம்பத்துநான்கு. அவள் இறங்கிய பிறகும் எண் பூஜ்யத்துக்கு வரவில்லை. மூன்று கிலோ இருநூறு கிராமில் நின்றது. பிரசவ அறையில் நர்ஸ் உரக்கச் சொன்ன அதே எடை.

"உன்ன மாதிரியே இதுக்கும் பிடிவாதம். ஒரு தட்டு தட்டினா தன்னால இறங்கிடும்," என்று சிரித்தபடி அவன் கையை ஓங்கினான்.

அவள் அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாங்க," என்றாள். "பாப்பா இப்பத்தான் தூங்குறா."