கத்தினாலும் கேட்கக் கூடாது

"பாட்டு எப்படிக் கேக்கும்னு நான் கேக்கவே இல்லையே தம்பி! வெளியில ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தினா, இதுக்குள்ள கேக்குமா கேக்காதா? அதை மட்டும் சொல்லுங்க."

கடைக்குள் நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்த மனிதர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இருப்பதிலேயே உசத்தியான மூன்று ஹெட்போன்களைப் பிரிக்க வைத்து, சேல்ஸ்மேனிடம் இரண்டு தடவை எரிந்து விழுந்துவிட்டார். கண்ணாடி போட்ட மகள், கைகளைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

சேல்ஸ்மேனுக்கு அதே கவுன்ட்டரில் பன்னிரண்டு வருடம். பொறுமையை விழுங்கிக்கொண்டு சொன்னார்.

"இந்தக் கறுப்பு இருக்கே சார், ஃபேன், ஏசி, பஸ் இன்ஜின் மாதிரி ஒரே சீரா வர்ற சத்தத்தை அப்படியே முழுங்கிடும். ஆனா மனுஷக் குரல் லேசா உள்ள வரும். வெள்ளிக் கலர்ல பாட்டு அவ்வளவு தெளிவா இருக்கும், தலையில இருக்கிறதே தெரியாது. வெளிச்சத்தத்தை மட்டும் பெருசாத் தடுக்காது. பிரவுனுக்குக் குஷன் தடிமன். காதையே பொத்திடும். கொஞ்சம் கனம், அவ்வளவுதான்."

"போட்டுப் பாரு" என்றார் மகளிடம்.

"எனக்கு வேண்டாம்ப்பா."

"வேணுமான்னு கேக்கலை. போடுன்னு சொன்னேன்."

கறுப்பை மாட்டிய வேகத்தில் கழற்றினாள். "கண்ணாடியைப் போட்டு அழுத்துது. காது வலிக்குது."

வெள்ளியை மாட்டினாள். "லூசா இருக்கு."

பிரவுனை மாட்டினாள். "கனக்குது. வேர்க்குது."

"ஏசி நடுங்க வைக்குது, உனக்கு வேர்க்குதா?" அவர் கவுன்ட்டரில் தட்டிய தட்டில் டப்பாக்கள் குதித்தன.

"விடுங்க சார், பழகிடும்" என்று நடுவில் புகுந்தார் சேல்ஸ்மேன். "படிக்கிறதுக்கா?"

"அடுத்த மாசம் பரீட்சை. இவ படிக்கணும், தூங்கணும். சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் இருக்கானே! நேரம் காலம் கிடையாது. திடீர்னு ஆரம்பிச்சான்னா தெருவே கேக்கும். ஆறு மாசமா இதே கூத்து. வெக்கங்கெட்டவன்!"

"அப்படிப் பேசாதீங்கப்பா."

"பேசுவேன்! பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதானே? ஒரு பொண்ணு உக்காந்து படிக்குதேன்னு கொஞ்சமாவது ஒரு இது வேண்டாம்?"

"குடிப்பானா சார்?"

"அதுவா இருந்தா விடிஞ்சா தெளிஞ்சிடுமே."

சேல்ஸ்மேனுக்கே ரத்தம் சூடேறியது. "என் மச்சான் ஒருத்தன் இருக்கான் சார். வாசல்ல வந்து சும்மா நின்னாப் போதும். அந்த ஆளு அப்புறம் வாயைத் திறக்க மாட்டான்."

"உங்க மச்சானைவிடப் பெரிய ஆளுங்களையெல்லாம் பாத்தாச்சு தம்பி."

"அப்ப காலி பண்ணச் சொல்லுங்க."

"பண்ணிடுவான். சொல்ல வேண்டியவங்க சொல்லிட்டாங்க. ரெண்டு மாசம், மிஞ்சிப்போனா மூணு. அதுவரைக்கும் இவ பரீட்சை காத்துக்கிட்டிருக்குமா?"

மகள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பிரவுனை மறுபடி போடு. தம்பி, நீங்க அவ பின்னால போய் நின்னு கத்துங்க."

"சார், கடையில..."

"கத்துங்கன்னா!"

"அய்யோ!" என்றார் சேல்ஸ்மேன் சங்கடத்தோடு.

"இதெல்லாம் ஒரு கத்தலா? அவன் அடிவயித்துலேருந்து கத்துவான். ம், இன்னும்!"

"அய்யோ! அம்மா!"

டி.வி. பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. மகள் ஹெட்போனைக் கழற்றினாள். "கேக்குது. நல்லாவே கேக்குது."

அவர் அவளையே பார்த்தார். பிறகு தானே அதை எடுத்து அவள் தலையில் மாட்டி, கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். அவர் குரலில் முதல் தடவையாகக் கடுமை போயிருந்தது; சத்தம் மட்டும் குறையவில்லை.

"பாப்பா, உன் செருப்பு வார் அறுந்து கிடக்குது பாரு."

அவள் குனியவில்லை. அசையக்கூட இல்லை.

"பாத்தீங்களா தம்பி? ஒண்ணும் கேக்கலை. பொய் சொல்றா. இதையே பில் போடுங்க."

சேல்ஸ்மேன் பில் புத்தகத்தை எடுத்ததைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஹெட்போனைப் பிடுங்கிக் கவுன்ட்டரில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட எறிந்தாள் என்பதே சரி.

"வாங்காதீங்க! வாங்கினா வீட்டுக்குப் போனதும் உடைச்சிப் போட்டுடுவேன்."

"உடை! இன்னொண்ணு வாங்குவேன்!"

பன்னிரண்டு வருடப் பொறுமை அங்கே அறுந்தது. "ஏம்மா, உனக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா?" என்று சேல்ஸ்மேன் வெடித்தார். "கடையிலேயே நல்லதாப் பாத்து உனக்காக வாங்கித் தர்றாரு. பெத்த அப்பாகிட்ட இப்படியா நடந்துக்கிறது? எவனோ ஒருத்தன் போடுற கூச்சல் உனக்குக் கேட்டே ஆகணுமா?"

"ஆமா, கேட்டே ஆகணும்!" மூக்கு விடைக்க, கண்ணீர் வழிய, அவள் அவரைவிட உரக்கக் கத்தினாள். "வலி தாங்காம கத்துற அந்த ஆளே எங்கப்பாதாங்க. வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான், இதை மாட்டிக்கிட்டு நான் உக்காந்துட்டா, அவரு கூப்பிடும்போது யாருங்க ஓடுறது?"