ஜோதிலட்சுமி வாசிக்கிறாள்

ஒலிபெருக்கியில் ஜோதிலட்சுமியின் குரல் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் போகவில்லை. மாட்டிக்கொண்டாள்.

மாரியம்மன் கோயில் முன்னால் பாய் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. எல்லார் கையிலும் ஒரே புத்தகம். ‘ஊர் கூடிப் படிப்போம்’ திட்டத்தில் வீட்டுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் ஒரு வீட்டுப் பெண் எதிரே இருக்கும் நூலகத்துக்குள் போய் மைக்கில் ஓர் அத்தியாயம் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் வரியில் விரல் வைத்துக் கூடவே வர வேண்டும்.

வண்டிச் சத்தமும் நாய்ச் சத்தமும் மைக்கில் ஏறுகிறதென்று நூலகக் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே வாசிப்பவளும் நூலகர் பிரியதர்ஷினியும் மட்டும்தான்.

கரிக்கலாம்பாக்கம் பக்கம் வேறெந்த ஊரிலும் இப்படி நடக்கவில்லை என்று வாசிப்புக் குழுத் தலைவர் பலராமன் அண்ணனுக்கு ஒரே பெருமை. ஜோதிலட்சுமியின் புருஷன் அவர்தான்.

குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். வேலைக்குப் போகும்போது கேட்டை வெளியே பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார், அவ்வளவுதான். அவள் போனும் அவரிடம்தான். யாராவது கேட்டால், எங்கள் வீட்டு விஷயம் என்பார். மனுஷன் ஊருக்கு அறிவு வளர்க்கிறார்!

வீட்டுக்கொரு பெண் வாசிக்க வேண்டும் என்று அதிகாரிகள் முன்னால் அறிவித்ததும் அவர்தான். தலைவர் வீட்டிலிருந்தே ஆள் வராவிட்டால் ஊர் சிரிக்கும். அப்படித்தான் இன்று அவளுக்குக் கேட் திறந்தது.

நேற்று எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் மதில்மேல் தலையை நீட்டி என்னிடம் சொன்னாள். “நாளைக்கிதாங்க்கா. நூலகத்துப் பின்கதவு வழியா பூந்து பஸ் ஏறிடுவேன். இத வுட்டா இனிமே எனக்கு கேட்டு தொறக்காது.”

காலி மனைகளுக்குக் குறுக்கே நடந்தால் மெயின் ரோடு. ஆறரைக்கு வில்லியனூர் பஸ். அங்கிருந்து ரயிலில் விழுப்புரம், தங்கை வீடு.

நானும் சரி என்று தலையாட்டினேன். வாசிப்பு என்று ஒன்று இருப்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை என்று இப்போது தோன்றியது. பலராமன் அண்ணன் அவளை நூலக வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, அந்தக் கதவைப் பார்த்த மாதிரி என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். குரல் வரும்வரை அவள் உள்ளே இருக்கிறாள். குரல் நின்றால் எழுந்துவிடுவார். மாட்டுக்குக் கயிறு கட்டின மாதிரி ஆகிவிட்டது அவள் குரல்.

அவளோ நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தாள். கதையில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் சண்டை. எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. நேரமாகுதுடி, எழுந்து போடி என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா இலையை மடித்துவிட்டு எழுந்தார் என்று வாசிக்கும்போது கரண்ட் போனது.

ஒலிபெருக்கி செத்துவிட்டது. இருட்டத் தொடங்கும் நேரம். ஆளாளுக்குப் போனில் டார்ச் அடித்தார்கள். பலராமன் அண்ணன் நூலகக் கதவையே பார்த்தார். ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பாதி எழுந்துவிட்டார்.

கரண்ட் வந்தது. குரலும் வந்தது.

“...பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார் சித்தப்பா.”

அண்ணன் மறுபடி உட்கார்ந்தார். ஆனால் விரல் அந்தரத்தில் நின்றது. புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“இன்னா இது? சண்ட எப்போ முடிஞ்சிது? அரப் பக்கத்தக் காணமே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாசிக்கிறவள் கரண்ட் போனால் நிறுத்துவாள். வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். கரண்ட் போனதே தெரியாமல் போய்க்கொண்டே இருப்பது பிரியதர்ஷினியின் போனில் பதிந்த குரல்தான். உள்ளே பிரியதர்ஷினிக்குப் பதற்றத்தில் அதை நிறுத்தத் தோன்றவில்லை போலிருக்கிறது. போன வாரம் முழுக்கப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு அவள் ஜோதிலட்சுமி வீட்டுக்குப் போய்வந்தாள். தப்பு வந்தால் மறுபடி படி என்று பலராமன் அண்ணனே அதட்டினாராம்.

மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது எனக்கு. சிரிக்கவும் முடியவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் என் புத்தகத்தைப் பார்த்தேன்.

முன்வரிசையிலிருந்து வேலம்மாள் திரும்பினாள். நடவு வேலைக்குப் போகிறவள். பூட்டின கேட்டுக்குள் ஜோதிலட்சுமி நிற்பதைத் தினமும் காலையில் பார்த்துக்கொண்டு போகிறவள்.

“பக்கத்தத் திருப்பு தலைவரே. கரண்ட்டு போனப்ப அவ சத்தமா படிச்சது எங்களுக்கே கேட்டுச்சி. உனக்குக் கேக்கலியா?”

சொல்லிவிட்டுத் தன் புத்தகத்தைத் திருப்பினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் திருப்பினாள். நான் திருப்பினேன். பாய்க்குப் பாய் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பெண்கள் எல்லாரும் குனிந்து பாயசத்தில் விரல் வைத்திருந்தார்கள். எத்தனை பேருக்குப் புரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருத்தியும் நிமிரவில்லை.

பலராமன் அண்ணன் சுற்றிப் பார்த்தார். தலைவருக்கு வரி தவறிவிட்டது என்று ஊர் நினைக்குமே. மெல்லப் பக்கத்தைத் திருப்பி, தேடி, விரலை வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். மெயின் ரோட்டில் வில்லியனூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பிய சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை.

மறுபடி சொன்னார். “நல்லா படிக்கிறா இல்ல?”

“ரொம்ப நல்லா படிக்கிறாண்ணே” என்றேன்.