பத்தாம் நாள் வருகை

அனோஜா குழந்தையை ஒரு கையால்தான் தூக்கினாள்.

இன்னொரு கை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. சண்முகவடிவு அதைக் கவனித்தாள். கவனிக்காதவள் போல் தராசை எடுத்து, லயத்து வரிசை வீட்டின் கதவு நிலையில் இருந்த ஆணியில் மாட்டினாள்.

பிரசவமான ஐந்து நாளுக்குள் மருத்துவிச்சி வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட வேண்டும். பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களில் இருபத்தாறு வருடமாக ஏறி இறங்குகிறாள் சண்முகவடிவு. ஒரு வீட்டுக்கும் நாள் தப்பியதில்லை.

இந்த வீட்டுக்கு மட்டும் பத்தாம் நாள்தான் வந்தாள். மழை, கிளினிக், கூட்டம் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு கிலோ தொள்ளாயிரம். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை.

வாசலுக்குக் கீழே அனோஜாவின் கணவன் நிரோஷன் தன் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். வாளித் தண்ணீர் வீசி அடிக்கும் சத்தம் கேட்டது. அது கேட்கும்வரை நேரம் இருக்கிறது.

"கையக் காட்டு."

"பீலியில தண்ணி புடிக்கப் போயி வழுக்கிட்டேங்க."

சண்முகவடிவு அவளுடைய சட்டைக் கையை மெல்ல மேலே தள்ளினாள். ஒரு பக்கம் நான்கு விரல் தடம். மறுபக்கம் கட்டைவிரல்.

இதே பொய்யை அவளும் ஒருகாலத்தில், வேறொரு தோட்டத்தில், வேறொரு மருத்துவிச்சியிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா நம்பிவிட்டு மருந்து தடவிப் போனார்.

தாய்மாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று சுகாதார அலுவலகத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தனியாக வைத்து, தாழ்ந்த குரலில், குற்றம் சொல்லாமல். எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறாள். இன்று அந்த வார்த்தைகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அடிக்கிறானா?"

அனோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க சத்தம் வந்தா அவங்க டிவியக் கூட்டி வச்சிருவாங்க" என்றாள்.

அவளுடைய தாய் குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கிறாள். அனோஜாவின் போன் நிரோஷனின் சட்டைப் பையில் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் தொட்டு அவள் வாய்விட்டுப் பேசியதெல்லாம் குழந்தையிடம்தான்.

"வயித்துல இருக்கையில ரெண்டு தடவ. நேத்து... பிள்ளையத் தூக்கி வச்சிருந்தேன். அப்பவும்."

சண்முகவடிவு குழந்தையைப் பார்த்தாள். அது வாயைத் திறந்து மூடிக்கொண்டு தூங்கியது.

"யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்றாள் அனோஜா. "ஒங்களுக்குத்தான் கஷ்டமாப் போயிரும்."

வாளிச் சத்தம் நின்றது.

நிரோஷன் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றான். முதலில் குழந்தையைத்தான் பார்த்தான்.

"என்ன, எடை கொறஞ்சிருச்சா?"

"பிள்ள மஞ்சளா இருக்கு" என்றாள் சண்முகவடிவு. "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். இவளும் வரணும், பால் குடுக்கணுமே. ஆட்டோவ எடு."

குழந்தை மஞ்சளாக இல்லை.

அவன் முகம் வெளிறிவிட்டது. அவனே ஓடிப் போய்ப் போர்வையை எடுத்து வந்தான். பனி உள்ளே வராதபடி ஆட்டோவின் இரண்டு பக்கமும் படங்குச் சீலையை இழுத்துக் கட்டினான்.

தோட்டத்து ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் வேகத்தைக் குறைத்தான். குழந்தை அதிரக் கூடாது என்று.

பின்னால், மடியில் வைத்த பையின் மறைவில், சண்முகவடிவு ஒரு துண்டுச் சீட்டு எழுதினாள். வீட்டில் அடிபடும் பெண்களுக்கென்று ஆஸ்பத்திரியில் ஓர் அறை இருக்கிறது. அங்குள்ள நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். அங்கிருந்து தாயையும் பிள்ளையையும் வேறு இடத்துக்கு அனுப்ப வழி இருக்கிறது.

தமிழ் வாசிக்கத் தெரியாத அந்த நர்ஸுக்காகச் சிங்களத்தில் எழுதினாள். காயம் எங்கே, எத்தனை நாள், எத்தனை தடவை.

அடித்தவரின் பெயர் என்று வந்தபோது பேனா நின்றது.

அனோஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுத வேண்டாம் என்று தலையாட்டினாள்.

சண்முகவடிவு கையை விடுவித்துக்கொண்டு எழுதினாள். சிங்கள எழுத்தில் அது முன்பின் தெரியாத ஒருவனின் பெயர் போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் அனோஜாவும் குழந்தையும் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. ஆண்கள் வெளியே இருக்க வேண்டும் என்று நிரோஷனை நிறுத்திவிட்டார்கள்.

சுவரோரத்து வாங்குப் பலகையில் சண்முகவடிவு உட்கார்ந்திருந்தாள். உள்ளே என்ன கேட்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இன்னும் சற்று நேரத்தில் யார் வெளியே வந்து இவனைக் கூப்பிடுவார்கள் என்பதும் தெரியும். அதற்குப் பிறகு தன் வீட்டில் எப்படி இருக்கும் என்பதுதான் தெரியவில்லை.

நிரோஷன் கடையிலிருந்து ஒரு பிளேன்டீ வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லம்மா?"

"இனி ஒண்ணும் ஆகாது."

தன் மகனிடம் அவள் அன்று சொன்னதில் அது ஒன்றுதான் பொய்யில்லை.